டீச்சர் வீட்டு மேற்குச் சுவர்

“என் பிளஸ் டூ மார்க் ஷீட்டைப் பாருங்க டீச்சர். மார்க்கை விடப் பூசணம்தான் ஜாஸ்தி!”

பின்னலில் வைத்த பிச்சிப்பூ ஆட, வேல்விழி தாளை நீட்டினாள். வீட்டுக்காரம்மா ஜெபஷீலா டீச்சர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“துடைச்சுப் பார்த்தாலும் மார்க் ஒன்னும் கூடாது போலிருக்கே.”

பழனிசெட்டிபட்டியே சித்திரை வெயிலில் அப்பளமாய்ப் பொரிகிறது. டீச்சர் வாடகைக்கு விட்ட போர்ஷனில் மேற்குச் சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்கு ஈரம். சுண்ணாம்பு உதிர்ந்து, கறுப்புக் கறுப்பாய்ப் பூசணம்.

இந்தச் சுவரால் டீச்சரும் வேல்விழியின் அம்மா முத்துப்பேச்சியும் நேருக்கு நேர் பேசி ரெண்டு மாசம் ஆச்சு. பேசுவதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான்.

“வாடகைக்கு விட்டாகளே, பைப்பு ஒழுகுதான்னு ஒரு நாளாவது வந்து பாத்தாகளா?” என்றாள் முத்துப்பேச்சி, சுவரிடம்.

“ஈரத்துணியை ரூமுக்குள்ள காயப்போட்டா சுவரு என்ன செய்யும்?” என்றார் டீச்சர், அதே சுவரிடம்.

“அடிக்கிற வெயிலுக்கு வெளிய போட்டா கால் மணியில காயுது. உள்ள காயப்போட எங்களுக்கென்ன கிறுக்கா?” வேல்விழிக்குப் பொறுமை போய்விட்டது. “கொத்தனார் கர்ணன் அண்ணனைக் கூட்டியாந்திருக்கேன். அவர் சொல்றதுதான் தீர்ப்பு. தப்பு எங்க மேலன்னா நாளைக்கே வீட்டைக் காலி பண்றோம். உங்க மேலன்னா உங்க செலவுல பூசிக் கொடுங்க.”

“சரி,” என்றார் டீச்சர்.

“சரி,” என்றாள் முத்துப்பேச்சி. ஆறு வருஷம் இருந்த வீடு. குரல் கொஞ்சம் இறங்கித்தான் போச்சு.

கர்ணன் மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தார். விரிசல் இல்லை. பாத்ரூம் பைப்பைத் தட்டிப் பார்த்தார். ஒழுகல் இல்லை. துணிக்கொடி வெளியேதான் கிடந்தது. கடைசியில் வீட்டைச் சுற்றிப் போய், மேற்குச் சுவரை ஒட்டிப் படர்ந்திருந்த பிச்சிக்கொடியின் தூரில் கடப்பாரையை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. முழங்கால் ஆழம் இறங்கிவிட்டது.

“ஆத்தாடி! வயக்காடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, இங்கன நாத்தே நடலாம் போலிருக்கே! எந்தப் புண்ணியவதி இதுக்குத் தண்ணி ஊத்துறது?”

வேல்விழி அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள்.

“அம்மா! நீயா?”

“மூணு குடம்தாண்டி. பொழுது சாய ஊத்துவேன். டீச்சர் வீட்டுக்காரர் சாகுறதுக்கு முன்னால அவர் கையால வச்ச கொடி. அவுகளுக்கோ முழங்கால் வலி, குடத்தைத் தூக்க முடியாது. அது பட்டுப்போனா அவுக மனசு தாங்குமா?”

வேல்விழிக்கு மானமே போச்சு.

“போதும். பெட்டியைக் கட்டும்மா. தப்பு நம்ம மேலதான்.”

“இரு புள்ள.”

டீச்சர் முதல் தடவையாகச் சுவரை விட்டுவிட்டு முத்துப்பேச்சியைப் பார்த்தார்.

“மூணு குடத்துக்கு இம்புட்டு ஈரம் வராது. விடியக்காலம் நானும் ஊத்துறேன். சொம்பு சொம்பா… ஒரு நாலு குடம் வரும்.”

“நீங்கதான் பூவே வைக்கிறதில்லையே டீச்சர்! உங்களுக்கு எதுக்குப் பிச்சி?” என்றாள் வேல்விழி.

“நான் வைக்கலைன்னா என்ன? சண்டை எனக்கும் உங்கம்மாவுக்கும். அதுக்காக நீ வெறுந்தலையோட கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போகணுமா?”

வேல்விழியின் கை தானாகப் பின்னலுக்குப் போனது. காலையில் இந்தக் கொடியில் பறித்த பூ.

“இப்ப தப்பு யாரு மேலண்ணே?” என்று கேட்டாள்.

கர்ணன் கடப்பாரையை உருவித் தோளில் சாத்தினார்.

“ரெண்டு பேரும் நெசமாவே பகையாளியா இருந்திருந்தா, இந்தச் சுவரு எப்பவோ காஞ்சிருக்கும்!”