பெர்னடெட்டின் முறை

தேவாலயத்தில் பூசை தொடங்குவதற்குச் சற்று முன், பெர்னடெட் தன் அக்காவின் இரண்டு கைகளையும் எட்டிப் பிடித்தாள்.

இரண்டு கைகளையும் பிடித்தால் சக்தி மாறும். பிள்ளைகள் மூவரையும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது.

அண்ணன் டிலக்ஷன் கரையில் கிடக்கும் படகை ஒற்றைக் கையால் புரட்டுவான். பெர்னடெட் மூச்செடுக்காமல் கடலுக்கடியில் கிடப்பாள். அக்கா ஜெயனிக்கு, தெரிந்தவர்களின் குரலும் அவர்கள் பக்கத்தில் எழும் சத்தமும் எந்தத் தூரத்திலிருந்தும் கேட்கும்.

போன மாரிகாலத்தில் கவிழ்ந்த படகொன்றிலிருந்து இரண்டு பேரை அவர்கள்தான் காப்பாற்றினார்கள். புனித அந்தோனியார் செய்த அற்புதம் என்றது குருநகர் ஊர்.

சக்திகளை முறை வைத்து மாற்றிக்கொள்வது அவர்களுடைய சட்டம்.

அப்பாவின் படகு ஆளில்லாமல் கரையொதுங்கிய பிறகு அக்கா அந்தச் சட்டத்தை மீறினாள். கேட்கும் சக்தியை யாருக்கும் கொடுக்கவில்லை.

"அப்பான்ரை குரல் நிண்டுட்டுது" என்று மட்டும் சொன்னாள்.

பெர்னடெட் நம்பினாள். உடலாவது கிடைக்கட்டும் என்று பள்ளிக்கூடம் விட்டதும் கடலுக்கடியில் இறங்கித் தேடினாள். கிழிந்த வலைகளுக்குள்ளும் தேடினாள். உப்பில் கண்கள் வீங்கின. அண்ணனும் அக்காவும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்று அப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை. அம்மா கறுப்புச் சேலையில் முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்தார்.

"விடடி, பெர்னா!" அக்கா கைகளை இழுத்தாள்.

பெர்னடெட் விடவில்லை.

கேட்டது. அப்பாவின் குரல்தான். அப்பா உயிரோடு இருக்கிறார்!

அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தாள். டிலக்ஷன் அவள் வாயைப் பொத்தினான்.

"பொறு. முழுக்கக் கேள்."

அப்படியென்றால் அக்கா சொல்லி அவனுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் இருவரும் அவளைத் தேடவிட்டார்கள்.

அவன் கையைக் கடிக்கப் போனாள். அப்போது, எங்கோ வேறொரு கரையில், ஒரு பெண் சிரித்தாள்.

சின்னப் பிள்ளையொன்று, "அப்பா, என்னையும் தூக்குங்கோ" என்றது.

"வா, என்ரை குஞ்சு" என்றார் அப்பா.

பெர்னடெட்டைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.

டிலக்ஷன் கையை எடுத்தான். அம்மா திரும்பிப் பார்த்தார். அழுதழுது சிவந்த முகம்.

பெர்னடெட் அம்மாவைப் போல முழந்தாளிட்டாள்.

சக்தியைத் திருப்பித் தரச்சொல்லி அக்கா கைகளை நீட்டினாள். பெர்னடெட் கொடுக்கவில்லை. பூசை நடந்தது. காதுக்குள் அப்பா சிரித்துக்கொண்டேயிருந்தார்.

இறந்தோருக்கான மன்றாட்டில் பங்குத்தந்தை அப்பாவின் பெயரை வாசித்தார்.

எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும்விடச் சத்தமாக, பெர்னடெட் "ஆமென்" என்றாள்.