கிணற்றடியில் விழுந்தவள்

“டாக்டர் கேட்டா, கெணத்தடியில வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லு.”

“நான் வுழலியே அத்தே.”

“நம்ம கெணத்தடி பாசி புடிச்சதுடி. உனக்கு முன்னாலயும் ஆள் வுழுந்துகீது.”

பாரிவாக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும்போது மாமியார் பொன்னம்மாள் சொன்னது இது. பூந்தமல்லி பல் வைத்தியரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராணிக்கு, வீங்கிய உதட்டைவிட அந்தப் பேச்சுதான் அதிகமாக வலித்தது.

பொன்னம்மாள் பக்கத்திலேயே நின்றாள், வழக்கம்போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவள் முந்தானையை விலக்கிச் சிரித்து ராணி பார்த்ததில்லை. அத்தனை அடக்கமாம். ஊரே மெச்சும்.

“எப்படிம்மா அடிபட்டுது?” என்று கேட்டார் டாக்டர் ஜானகிராமன்.

ராணி மாமியாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “என் ஊட்டுக்காரர் செம்பால அடிச்சாரு.”

பொன்னம்மாள் இருமினாள். ராணி முகத்தைத் திருப்பவில்லை.

“யுத்தம் வந்ததுலேருந்து எக்ஸ்ரே பிலிம் கெடைக்கிறதே கஷ்டமா இருக்கு. ரெண்டுதான் பாக்கி. ஆனா உனக்கு எடுத்தே ஆகணும்.” டாக்டர் கறுப்புத் தாள் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தை அவளுடைய முன்பல்லுக்குப் பின்னால் வைத்தார். “கட்டை விரலால அழுத்திப் புடிச்சுக்கோ. ஆடாதே.”

ராணி ஆடவில்லை. வலியில் கண்ணீர் வழிந்து காதுவரை ஓடியபோதும் விரலைத் தளர்த்தவில்லை.

பிலிமை இருட்டறையில் கழுவி, காயவைத்துக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார் டாக்டர். தீப்பெட்டியைவிடச் சிறியது. வெள்ளையாகத் தெரிந்த பல்லின் வேரில், குறுக்கே ஒரு கறுப்புக் கோடு.

“வேர் ஒடைஞ்சிருக்கும்மா.”

“இத நான் எடுத்துக்கினு போலாமா?” என்றாள் ராணி. “போன தபா எங்க ஊரு பருத்திப்பட்டுல நைனா பஞ்சாயத்து வெச்சாரு. அடிச்சதுக்கு அத்தாட்சி இன்னா கீதுன்னு கேட்டாங்க. ஒண்ணும் இல்லன்னதும், புருசன் ஊட்டுக்கே போன்னு அனுப்பிட்டாங்க. இந்தப் படத்தோட போனா, எவன் அனுப்புறான்னு பாக்கறேன்.”

“தாராளமா எடுத்துக்கோ.”

அப்போதுதான் பொன்னம்மாள் பேசினாள். “ஏன் டாக்டரு, அந்த ஒடைசலு நாளானா மறைஞ்சுபூடுமா?”

“ஒடைஞ்ச வேர் உள்ளேயே தங்கிட்டா, முப்பது வருஷம் கழிச்சு எடுத்தாலும் படத்துல தெரியும்.”

“முப்பது வருசமா?” என்று மெல்லக் கேட்டவள், ராணியின் கையிலிருந்த படத்தை நோக்கிக் கை நீட்டினாள்.

ராணி சட்டென்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வாங்கி அடுப்புல போடலாம்னு பாக்காதே அத்தே. உன் புள்ளைக்காக நீ எத்தினி பொய் வேணா சொல்லு. ஊரைக் கூட்டி, கெணத்தடியில கற்பூரம் ஏத்திக் கூடச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். அந்த ஊட்டுக்கும் இனிமே வர மாட்டேன்.”

டாக்டர் தர்மசங்கடத்துடன் மேஜைமேல் மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்து அலமாரியில் வைக்கப் போனார்.

“அத உள்ள வெக்காதே டாக்டரு.”

பொன்னம்மாள் மருமகளைத் தாண்டிப் போய், அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்து மடியில் போட்டாள். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் இல்லை. ஈறில் பழுப்பாக ஒரு முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

கட்டை விரலைத் தானே உயர்த்திக் காட்டியபடி சொன்னாள்.

“அந்த இன்னொரு பிலிமை எனக்குப் போடு டாக்டரு. நானும் வுழல.”