லென்ஸ் அண்ணன் கண்டெடுத்த தகடு

ஜீப்பின் டாஷ்போர்டில் தகடு இருந்த இடத்தில் இப்போது நாலு ஓட்டைகள்தான் மிச்சம். அவற்றை விரலால் தடவியபடியே அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் வந்து பாத்தப்போ இருந்துச்சேண்ணா. நேத்து துடைக்கலாம்னு வந்தா காணோம்."

"பதறாதம்மா. நான் இருக்கேன்ல" என்றார் லென்ஸ் அண்ணன்.

பழைய ராணுவ வண்டிகளைச் சேர்ப்பவர்களின் சங்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். சட்டைப் பையில் பேனா இருக்காது, பூதக்கண்ணாடி இருக்கும். ராணுவப் பணிமனையில் ஒரு வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புதுசாக்கினால், எங்கே, எந்த வருஷம், எந்த எண் வண்டி என்று பொறித்து ஒரு பித்தளைத் தகட்டை அதில் மாட்டிவிடுவார்கள். அந்தத் தகடு அசலா போலியா என்று லென்ஸ் அண்ணன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. போலி என்றால் அவர் கையால்கூடத் தொடமாட்டார்.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. சங்கத்தில் யார் வண்டியிலாவது தகடு காணாமல் போனால், ஏதாவது ஒரு பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். காசு வாங்கமாட்டார். சொந்தமாக ஒரு ஜீப்பைத் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு ஏதாவது பாகம் கொடுத்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவள் விளையாட்டுக் கோப்பைகளிலும் கேடயங்களிலும் பேர் வெட்டுகிற சின்னக் கடை வைத்திருந்தாள். கட்டடத்தின் சொந்தக்காரர், ஒன்று நீயே வாங்கிக்கொள், இல்லை காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். விற்பதற்கு அவளிடம் இருந்தது, காலமான கணவர் விட்டுப்போன இந்த ஜீப் ஒன்றுதான். அருங்காட்சியகம் கேட்டிருந்தது. ஆனால் தகடு இருந்தால்தான் எடுப்பார்களாம். அதுவும் லென்ஸ் அண்ணன் பார்த்து அசல் என்று சொன்னால்தானாம்.

"என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்த ஷெட்டுக்குள்ள ஈ காக்காய விட்டதில்ல. உங்களைக்கூட வாசலோட பேசி அனுப்பிடுவாரு. நான் ஊரைக் கூட்டி வண்டியக் காட்டினேன் பாருங்க, என் புத்தியச் சொல்லணும்."

"அந்த மனுஷன் கஞ்சம்மா. கண்ணால பாத்தாலே வண்டி தேஞ்சிடும்னு நெனச்சாரு" என்ற லென்ஸ் அண்ணனின் பார்வை, அலமாரியில் இருந்த ஒரு ஜோடி முன்விளக்குகளில் போய் நின்றது. இரண்டும் அசல், கீறல்கூட இல்லை. அவருடைய ஜீப் இன்னும் விளக்கில்லாமல்தான் நின்றுகொண்டிருந்தது.

"தகடு மட்டும் கெடைச்சுட்டா அந்த வெளக்க நீங்களே எடுத்துக்குங்கண்ணா" என்றாள் அவள்.

"சேச்சே, அதெல்லாம் எதுக்கும்மா" என்றவர், கிளம்பும்போது விளக்கைத் துணி சுற்றிப் பத்திரமாக வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேஜை டிராயரைத் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டீ குடிக்கப் போன சாக்கில் அவர் கழற்றிய தகடு உள்ளே பத்திரமாக இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்து மறுபடியும் பார்த்தார். மூலைகளில் மட்டும் ஏறிய பச்சைக் களிம்பு, வருஷக்கணக்கில் கை பட்டு மழுங்கிய எழுத்து. அப்படியே கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவளுக்குக் கடை மிஞ்சும், தனக்கு விளக்கு கிடைக்கும், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவர் இப்படித்தான் நினைத்துக்கொள்வார். உடனே கொண்டுபோய்க் கொடுத்தால் தேடின மாதிரி இருக்காது என்பதால் கொஞ்ச நாள் ஆறப்போட்டார்.

பிறகு அருங்காட்சியக அதிகாரி வருகிற நாளாகப் பார்த்துப் போனார். சங்கத்துக்காரர்களும் கூடியிருந்தார்கள்.

"அலையா அலைஞ்சேன்மா. கடைசியில ஒரு பழைய இரும்புக் கடையில, ஓட்டை வாளிக்கு அடியில கெடந்துச்சு."

அவள் தகட்டை வாங்கிக் கண்ணீரும் சிரிப்புமாக டாஷ்போர்டில் வைத்துப் பார்த்தாள். நாலு ஓட்டையும் கச்சிதமாகப் பொருந்தின.

"இது அசல்தானா சார், நிச்சயமா?" என்று கேட்டார் அதிகாரி.

லென்ஸ் அண்ணனுக்குச் சுருக்கென்றது. "நூத்துக்கு நூறு அசல். இல்லைன்னு எவனாவது காட்டட்டும், இந்தக் கண்ணாடியத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு வீட்டுல உக்காந்துடறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அதிகாரிக்கு அது போதுமாக இருந்தது. அன்றைக்கே ஜீப் லாரியில் ஏறிப் போனது.

மறுநாள் விளக்கை வாங்க லென்ஸ் அண்ணன் கடைக்குப் போனார். அவள் ஒரு கோப்பையை மடியில் வைத்துப் பேர் வெட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"கடைய எனக்கே பேசி முடிச்சாச்சுண்ணா. எல்லாம் உங்க புண்ணியம். வெளக்கு உள் ரூம்ல இருக்கு, எடுத்துக்குங்க."

விளக்குகளைத் தூக்கியபோது பின்னால் ஒரு அகல வாய் பாட்டில் தெரிந்தது. வினிகர் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்துத் துடைத்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். அதே பணிமனை, அதே வருஷம், அதே வண்டி எண். களிம்புதான் கொஞ்சம் அதிகமாக ஏறிவிட்டிருந்தது. இன்னொன்றில் ஒரே ஒரு எழுத்து சாய்ந்திருந்தது.

பாட்டிலோடு வெளியே வந்தார். ஜீப்பில் போனது போலி என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல் போகும். தகடு எப்படிக் கைக்கு வந்தது என்று கிளறினால் மானமே போகும்.

கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமலே அவள் சொன்னாள்.

"மூணு செஞ்சேன், எது தேறும்னு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சுண்ணா, நீங்க திருடிட்டுப் போன அப்புறந்தான் நிம்மதியாத் தூங்கினேன்."