மஞ்சள் நுனிப் பூ

"இதையா புதுசுன்னு தூக்கிட்டு வந்தீங்க?"

மிஸஸ் தோர்லியின் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. ஓரத்தில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

கிளைவுக்குக் காது சிவந்துவிட்டது.

"என் மனைவி கிளெனிஸ் விதை போட்டு வளர்த்ததுங்க. ஒன்பது வருஷமா. மத்த ஸ்னோட்ராப்புக்கெல்லாம் உள் இதழ்ல பச்சைப் புள்ளி இருக்கும், இதுக்கு மஞ்சளா இருக்குன்னு சொன்னா. வெளி இதழ் நுனியிலயும் மஞ்சள்..."

"தண்ணி தேங்குற இடத்துல எந்தச் செடியும் மஞ்சளாத்தான் போகும்."

பிப்ரவரி முதல் ஞாயிறு. சுற்றுவட்டாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் எல்லாம் பனிக்காலத்தில் பூக்கும் இந்த வெள்ளை ஸ்னோட்ராப்பில் ஒவ்வொரு பூவைச் சின்னக் குப்பியில் வைத்து எடுத்துவருவார்கள். அது எந்த ரகம் என்று மிஸஸ் தோர்லி சொல்வார். நாற்பது வருஷமாக அந்த மாவட்டத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு.

கிளைவுக்குத் தோட்டம் பற்றி எதுவும் தெரியாது. ரிட்டயர் ஆகும்வரை பஸ் ஓட்டியவர். காலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கிளெனிஸ் கேட்டது ஒன்றே ஒன்று. "அது புதுசுதானான்னு மட்டும் கேட்டுட்டு வந்து சொல்லு."

பின்னால் கூட்டம் நெருக்கியது. அவர் தோளுக்கு மேலே யாரோ கையை நீட்டிப் போனில் பூவைப் படம் பிடித்தார்கள்.

மிஸஸ் தோர்லி லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, கிளைவுக்குப் பின்னால் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார். பூவைக் குப்பியிலிருந்து உருவி, விரலால் கசக்கி, மேஜைக்கு அடியில் இருந்த குப்பைப் பெட்டியில் போட்டார்.

"சாதாரண ரகம். ரோட்டோரத்துல வண்டி வண்டியா கிடக்கு. அடுத்தது யாரு?"

யாரோ சிரித்தார்கள்.

"கொஞ்சம் மரியாதையா சொல்லக் கூடாதா? அவ ஆஸ்பத்திரில கிடக்கறா!"

"நான் பூவைப் பத்தித்தான் சொன்னேன். அடுத்தது!"

* * *

"என்ன சொன்னாங்க?" ஆக்ஸிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டே கேட்டாள் கிளெனிஸ்.

"ஒரே கூட்டம். காட்டவே முடியல. அடுத்த வாரம் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க."

அடுத்த வாரம் என்று அவர் சொன்னதும் அவள் சிரித்தாள். டாக்டர் அடுத்த வாரத்தைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

"முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு கிளைவ். இன்னும் உனக்குப் பொய் சொல்ல வரலியே."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

* * *

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தார். வாசலில் முன்பின் தெரியாத கார் ஒன்று நின்றது. தோட்டத்துக் கதவு திறந்து கிடந்தது.

தோட்டத்துக்கு ஓடினார்.

மரத்தடியில், கிளெனிஸின் செடிக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார் மிஸஸ் தோர்லி. கையில் கத்தரி. காலையில் ஒன்று பறித்ததுபோக அந்தச் செடியில் ஆறு பூ மீதம் இருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை. வெறும் பச்சை இலை.

கிளைவ் பாய்ந்துபோய் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத்தனை பேர் முன்னாடி குப்பைன்னு சொல்லிட்டு, இப்ப திருட வந்தீங்களா? அதான் அவ்வளவு நேரம் பார்த்தீங்களா? இருங்க, போலீஸைக் கூப்பிடறேன்!"

"தாராளமா கூப்பிடுங்க. அவங்க ராத்திரி பூரா இங்க நின்னா நல்லதுதான். முதல்ல குரலைக் குறைங்க. ரோட்டுல யாராவது இருக்காங்களா பாருங்க."

"எதுக்கு?"

"உங்க பின்னாடி நின்னு ரெண்டு பேர் படம் எடுத்தாங்க. நீங்க போனதும் பேர் எழுதற நோட்டுல உங்க விலாசத்தைத் தேடிட்டு இருந்தாங்க. நானும் அதே நோட்டைப் பார்த்து உங்களுக்குப் போன் போட்டேன், எடுக்கல. பாதியிலயே எழுந்து வந்துட்டேன்."

போனை ஆஸ்பத்திரியில் அணைத்து வைத்தது கிளைவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"போன வருஷம் எவன்ஸ் வீட்டுப் பூவைப் பார்த்துட்டு, சந்தோஷத்துல புது ரகம்னு அதே ஹால்ல வாய்விட்டுச் சொல்லித் தொலைச்சேன். அப்படி ஒரு கிழங்குக்கே ஆயிரக்கணக்குல விலை கிடைக்கும். மூணாம் நாள் எவனோ கிழங்கோட தோண்டிட்டுப் போயிட்டான், அவங்க தோட்டத்துல குழிதான் இருந்துச்சு. அந்த வீட்டுப் பொண்ணு அழுதது இன்னும் என் காதுல இருக்கு."

கிளைவின் பிடி தளர்ந்தது.

"இன்னிக்கு நான் சொன்னதை அவங்க நம்பினாங்களான்னு தெரியல. பூ இருந்தாத்தான் இது இன்ன ரகம்னு கண்டுபிடிக்க முடியும். பூவை எடுத்துட்டா இந்தத் தோட்டத்துல இருக்கிற இருநூறு செடியும் ஒண்ணுதான். எனக்கே அடையாளம் தெரியாது. கவலைப்படாதீங்க, கிழங்குக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வருஷம் பூக்கும்."

"அப்படின்னா... அது..."

"கையைக் கொடுங்க. முட்டி பிடிச்சுக்கிச்சு."

கிளைவ் தூக்கிவிட்டார். பாவாடையெல்லாம் சேறு. கோட்டுப் பையிலிருந்து ஈரத்துணியில் சுற்றிய ஒரு சின்னக் கொத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார் மிஸஸ் தோர்லி. ஆறு பூ. ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள்.

"ஆஸ்பத்திரில எட்டு மணி வரைக்கும் விடுவாங்க இல்ல? உடனே கிளம்புங்க. நாற்பது வருஷத்துல இப்படி ஒண்ணை நான் பார்த்ததே இல்லைன்னு சொல்லுங்க. என்ன பேர் வைக்கணும்னு அவங்க வாயாலயே கேட்டுட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே காவல் இருக்கேன்."