கை சேர்ந்தபின் நிற்கும் நேரம்

"'இரு கைகளும் பந்தில் சேர்ந்தபின், ஒரு நொடிக்குக் குறையாமலும் பத்து நொடிக்கு மிகாமலும் அசைவற்று நின்றாலன்றி வீசலாகாது.' இதை எழுதினவருக்கு வீட்ல யாரும் பேச்சே குடுக்கமாட்டாங்க போல!"

அவள் சாஃப்ட்பால் விதிப்புத்தகத்தைச் சோபாவில் எறிந்தாள்.

போன ஆட்டத்தில் அவசரமாக வீசி, தப்புப் பந்து என்று நடுவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். நாளை அலுவலகப் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரணி கிடங்குப் பிரிவு. இன்னொரு முறை சொதப்பினால் அணியில் இடமிருக்காது.

கணவர் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தினார். "கையைச் சேர்த்துட்டு சிலை மாதிரி நில்லு. ஒரு நொடி கட்டாயம். பத்து வரைக்கும் உன் இஷ்டம்."

"அவ்வளவு நேரம் எதுக்குங்க?"

"மட்டையோட எதிர்ல நிக்கறவனுக்கு வயித்தைக் கலக்கும்ல!"

உரிக்காத கிழங்கு ஒன்றை எடுத்துக்கொண்டு கூடத்தில் பழகினாள். நிற்க நிற்க, எப்போதும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று மெல்ல அடங்கியது.

"சொல்லிக் குடுத்துட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது."

"போடி, பாத்துக்கலாம்."

மறுநாள், கடைசிப் பந்து. கைகளைச் சேர்த்து நின்றாள். கிடங்குப் பிரிவின் ஆட்டக்காரர் மட்டையை இறுக்கிப் பிடித்தார். அவள் இன்னும் நின்றாள். அவர் கால் மாற்றினார். வீசினாள். மட்டை வெறுங்காற்றில் சுழன்றது.

"அவுட்!"

தோழிகள் அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தோற்ற ஆட்டக்காரர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, வாயெல்லாம் பல்லாக ஓடிவந்தார்.

"நெஜமாவே கலக்கிடுச்சுடி! இனிமே கிழங்கை நீயே உரிச்சுக்கோ" என்றார் அவள் கணவர்.