இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று

மருத்துவமனைகளுக்கு ரத்தம் உறிஞ்சும் அட்டைகளை வளர்த்துக் கொடுக்கும் கூடத்தில் அவள் பத்து வருஷமாக வேலை பார்த்தாள். அருவருப்பெல்லாம் எப்போதோ விட்டுப் போயிருந்தது. இந்த வாரம்தான் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை எண்ணியபோது இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று இருந்தன. பாட்டிலுக்குப் பத்தாகப் போட்டாள், ஒன்று மீந்தது. ஒன்பதாகப் போட்டுப் பார்த்தாள், எட்டாக, ஏழாகப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் ஒன்று மீந்து, அவள் உள்ளங்கையில் வழவழவென்று நீண்டு சுருங்கியது. உப்பைக் கொட்டிக் கொன்று, சாக்கடையில் கழுவிவிட்டாள்.

மறுநாள் எண்ணினாள். அதே இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. அன்றும் ஒன்றைக் கொன்றாள். புதன்கிழமையும் எண் குறையவில்லை.

கணக்கு வாத்தியாரான அண்ணனைக் கூட்டி வந்தாள்.

"இது பகா எண்மா," என்றார் அவர், மூக்கைப் பொத்திக்கொண்டு. "ஒன்னால வகுபடும், அதே எண்ணால வகுபடும். வேற எதால வகுத்தாலும் மிச்சம் விழும்."

"அப்ப ஒரு பாட்டிலுக்கு ஒன்னுன்னு போட்டுட்டா?"

"மிச்சமே வராது."

இருவருமாக அத்தனை பாட்டில்களையும் எண்ணி அடுக்கினார்கள். அவள் ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள். சாயங்காலம் கடைசிப் பாட்டில் மட்டும் காலியாக நின்றது.

அண்ணன் மேசைக்கடியில் குனிந்து தேடினார், செருப்பை உதறிப் பார்த்தார்.

"காலையில சரியாத்தான் எண்ணினியா?"

அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே குளிர்ந்த ஒன்று மெல்லத் திரும்பிப் படுத்தது.