சிவப்பு ஸ்டிக்கர்

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு பிடிவாதக்காரியின் கதை சொல்கிறேன்.

சட்டைக் கம்பெனியில் முப்பது வருஷமாகக் குறை பார்ப்பவள் அவள். சந்தேகம் என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பாள்.

ஒரு மாதமாக மகள் விடாமல் நச்சரித்தாள். "மார்புக்கு ஒரு படம் எடுத்துடும்மா. புத்துநோய் இருந்தா முன்னாடியே தெரிஞ்சுடும்."

"நல்ல சட்டைக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன்டி. கிழிசலைப் பார்க்காமக் கோட்டை விட்டதும் உண்டு. அந்த மெஷின் மட்டும் என்ன சாமியா?"

"அதுக்காகப் பார்க்காமலே சட்டையை அனுப்புவியா?"

"மாட்டேன்."

"அப்போ பயம்னு ஒத்துக்கோ."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கடிதத்தை நீட்டினாள். மகளுக்குத் தெரியாமல் அவள் படம் எடுத்துப் பத்து நாளாகியிருந்தது. சந்தேகமாக இருக்கிறது, ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதிக்க இன்று வரவும் என்று ஆஸ்பத்திரி எழுதியிருந்தது.

மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஏம்மா சொல்லல?"

"பத்து நாள் தூக்கம் போச்சு. அதுல உனக்கெதுக்குப் பங்கு? எழுந்திரு. ஸ்டிக்கர் ஒட்டினதெல்லாம் கிழிசல் இல்ல. கிழிசலாவே இருந்தாலும், எங்க வெட்டணும், எங்க தைக்கணும்னு டாக்டர் என்னைக் கேட்டுத்தான் கத்தரியை எடுக்கணும்."

உங்கள் வீட்டுப் பெண்களும் இப்படியே கேள்வி கேட்டு நூறு வயசு வாழட்டும், கண்ணுகளா.